அறிவியல் பிடிக்கும், நடத்தத்தான் பயம்

பயிற்சி ஆசிரியர்களின் மனப்பான்மை பற்றிய ஆய்வுகள்: ஒரு பார்வை

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புபவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி பெற வேண்டும். மேல்நிலையில் எந்தப் பிரிவு எடுத்தவரும் அதில் சேரலாம். வரலாறும் வணிகவியலும் படித்துவிட்டு வருகிறவர் அறிவியல் புத்தகத்தைக் கடைசியாகத் தொட்டது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போது இருக்கலாம். வேலை கிடைத்ததும் அவரே தமிழ், ஆங்கிலம், கணக்கு, சமூக அறிவியலோடு அறிவியலையும் நடத்துவார். மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியலுக்குத் தனிப் பாடமே உண்டு. ஒரு குழந்தை காந்தத்தைப் பற்றியும் விதை முளைப்பதைப் பற்றியும் முதன்முதலாகக் கேள்வி கேட்பது இவரிடம்தான்.

அறிவியல் ஆசிரியராகப் பி.எட். படிப்பவர் நிலை வேறு. அவர் அறிவியல் பட்டதாரி. ஆனால் வேதியியல் படித்தவர் பல பள்ளிகளில் இதயத்தின் அறைகளையும் ஒளிவிலகலையும் சேர்த்தே நடத்த வேண்டியிருக்கிறது. தன் பாடத்தில் இருக்கும் பிடிப்பு மற்றவற்றில் இருப்பதில்லை.

இந்த இரண்டு வகைப் பயிற்சி ஆசிரியர்களும் அறிவியலை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி கல்வியியல் ஆய்வில் பழையது. உலகெங்கும் இதற்காக வினாநிரல்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. நம் கல்வியியல் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் எம்.எட். மாணவர்கள் இதே தலைப்பை எடுக்கிறார்கள். அந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: மிக அதிகமாக அளக்கப்பட்டது அறிவியல் மீதான பிடித்தம்; வகுப்பறையில் நடப்பதைத் தீர்மானிப்பதோ நடத்த முடியும் என்கிற துணிவு. இரண்டும் ஒன்றாகக் கருதப்பட்டதால்தான் இத்தனை அளவீடுகளுக்குப் பிறகும் பயிற்சி முறை பெரிதாக மாறவில்லை.

அளவுகோல் வந்த வழி

மனப்பான்மையை எண்ணால் அளக்க முடியும் என்று அமெரிக்க உளவியலாளர் லூயி தர்ஸ்டன் 1928-இல் வாதிட்டார். 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் அதற்கு எளிய வழி ஒன்றைக் கொடுத்தார். ஒரு கூற்றைப் படிக்கச் சொல்லி, முற்றிலும் உடன்படுவது முதல் முற்றிலும் மறுப்பது வரை ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறியிடச் சொல்வது அந்த வழி. கூட்டினால் மதிப்பெண் வந்துவிடும். எளிமையே அதன் பலம். இன்றுவரை பெரும்பாலான ஆய்வுகள் அந்த ஐந்து கட்டங்களை நம்பித்தான் நடக்கின்றன.

1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியதும் மேற்கு நாடுகளில் அறிவியல் கல்வி அரசியல் கவலையாக மாறியது. பாடத்திட்டங்கள் திருத்தப்பட்டன. மாணவர் என்ன தெரிந்துகொண்டார் என்பதோடு, என்ன உணர்கிறார் என்பதையும் கேட்கத் தொடங்கினார்கள். 1971-இல் லியோபோல்ட் கிளாப்பர் இந்த உணர்வுத் தளத்தை வகைப்படுத்தினார்: அறிவியல், அறிவியலாளர் மீதான நல்லெண்ணம், ஆய்ந்தறியும் முறையை ஏற்றுக்கொள்வது, அறிவியல் நோக்கைத் தனதாக்கிக்கொள்வது, கற்பதில் மகிழ்ச்சி, ஆர்வம், அதையே தொழிலாகக் கொள்ளும் விருப்பம். ஆஸ்திரேலியாவின் பாரி ஃபிரேசர் இந்த வகைப்பாட்டை வைத்து 1981-இல் 70 கூற்றுகள் கொண்ட வினாநிரலை வெளியிட்டார். அது ஏழு பிரிவுகளுக்குத் தனித்தனி மதிப்பெண் தந்தது. பள்ளி மாணவர்களுக்கென்று எழுதப்பட்ட அந்தக் கருவி பின்னர் பல நாடுகளில் பல வடிவங்களில் புழங்கியது.

இதற்கிடையில் 1975-இல் கல்வி ஆய்வாளர் கார்ட்னர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அறிவியலை விரும்புவதும், அறிவியல் முறையில் சிந்திப்பதும் இரு வேறு விஷயங்கள். முன்னது விருப்பு வெறுப்பு சார்ந்தது. பின்னது ஆதாரம் கேட்பது, அவசரப்பட்டு முடிவுக்கு வராதது, புதிய சான்று வந்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்வது ஆகியவற்றால் ஆனது. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கூட்டக்கூடாது. எச்சரிக்கை பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட அளவுக்குப் பின்பற்றப்படவில்லை. 2003-இல் ஆஸ்பர்ன், சைமன், காலின்ஸ் மூவரும் அதுவரையிலான ஆய்வுகளை மதிப்பிட்டு எழுதியபோதும், இந்தத் துறையில் அளக்கப்படும் கருத்தே தெளிவின்றிக் கிடக்கிறது என்ற குறையைச் சொல்ல வேண்டியிருந்தது.

நம் ஊர் ஆய்வேடுகள்

நம் கல்லூரி நூலகங்களில் இந்தத் தலைப்பில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஆய்வேடுகளுக்குப் பொதுவான சட்டகம் உண்டு. ஒரு மாவட்டத்தின் சில கல்லூரிகளில் சில நூறு பயிற்சி மாணவர்களிடம் வினாத்தாள் கொடுப்பார்கள். ஆண், பெண், கிராமம், நகரம், தமிழ் வழி, ஆங்கில வழி, அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்று பிரித்து, சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை செய்வார்கள். முடிவுரையில் பயிற்சி மாணவர்களின் மனப்பான்மை "சராசரி" அல்லது "உயர்வு" என்றிருக்கும். ஒவ்வொரு கருதுகோளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு, அல்லது இல்லை என்ற விடை கிடைக்கும். பிறகு கருத்தரங்குகள் நடத்தலாம், அறிவியல் மன்றங்கள் தொடங்கலாம் என்ற பரிந்துரையோடு ஆய்வேடு முடியும்.

இந்தச் சட்டகத்தில் உழைப்பு இருக்கிறது. ஆனால் அதன் அடித்தளத்தில் மூன்று பலவீனங்கள் உள்ளன. முதலாவது, பதில் சொல்கிறவரின் நிலை. வினாத்தாளைக் கொடுப்பவர் பெரும்பாலும் அதே கல்லூரிப் பேராசிரியரின் மாணவர். அகமதிப்பீட்டு மதிப்பெண் அந்தப் பேராசிரியர் கையில். "அறிவியல் மனித குலத்துக்குப் பயனுள்ளது" என்ற கூற்றுக்கு எதிரே எந்தப் பயிற்சி மாணவி மறுப்பு என்று குறியிடுவார்? பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும், எந்தக் கட்டத்தில் குறியிட்டால் நல்ல பிள்ளை என்ற பெயர் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

இரண்டாவது, நம் சமூகத்தில் அறிவியலுக்கு இருக்கும் மதிப்பு. நார்வேயைச் சேர்ந்த சோபெர்க், ஷ்ரைனர் இருவரும் ஒருங்கிணைத்த ரோஸ் என்ற பன்னாட்டு ஆய்வு, சுமார் 40 நாடுகளில் பதினைந்து வயதினரிடம் அறிவியல் பற்றிக் கேட்டது. ஒரு நாடு எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அங்குள்ள பிள்ளைகள் அறிவியல் மீது காட்டும் ஆர்வம் குறைந்திருந்தது. ஆப்பிரிக்க, ஆசிய ஏழை நாடுகளில் விருப்பம் உச்சத்தில் இருந்தது. வட ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் தாழ்ந்திருந்தது. அறிவியல் படிப்பு வேலைக்கும் மரியாதைக்கும் வழி என்று நம்பும் சமூகத்தில் அதைப் பிடிக்கும் என்று சொல்வது இயல்பு. டாக்டர், எஞ்சினியர் கனவு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் தமிழ்நாட்டில் "உயர் மனப்பான்மை" என்ற முடிவு, பயிற்சி மாணவரைப் பற்றிச் சொல்வதைவிட ஊரைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

இதே தமிழ்நாடு, பல நாட்டு மாணவரின் கற்றலை ஒப்பிடும் பீசா தேர்வின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றில், அதன் நீட்டிப்பாக நடந்த பகுதியில், இமாசலப் பிரதேசத்தோடு சேர்ந்து கலந்துகொண்டது. பட்டியலின் அடிப்பகுதியில்தான் இரு மாநிலங்களுக்கும் இடம் கிடைத்தது. மதிப்பு இருக்கும் இடத்தில் கற்றலும் தானாக வந்துவிடாது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

மூன்றாவது பலவீனம், ஆணா பெண்ணா, ஊரா நகரமா என்ற ஒப்பீடுகளின் பயன். வேறுபாடு இருப்பதாகத் தெரிந்தால்கூட, அதை வைத்துப் பயிற்சியில் எதை மாற்றுவது? மாற்றக்கூடிய காரணிகளை, அதாவது சோதனை செய்த அனுபவம், கற்பித்தல் பயிற்சியில் கிடைத்த வழிகாட்டல், பள்ளியில் கிடைத்த கருவிகள் போன்றவற்றை, இந்த ஆய்வுகள் அரிதாகவே தொடுகின்றன.

சொல்வதும் செய்வதும்

மனப்பான்மை தெரிந்தால் நடத்தை தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு 1934-லேயே பெரிய அடி விழுந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியேர், சீனத் தம்பதியருடன் நாடு முழுதும் பயணம் செய்தார். சீனர்கள் மீது வெறுப்பு பரவியிருந்த காலம் அது. 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீன விருந்தினரை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். தாளில் எழுதுவது ஒன்று, வாசலில் நிற்பவரிடம் நடந்துகொள்வது இன்னொன்று.

ஆசிரியர் விஷயத்தில் இந்த இடைவெளி எதிர்த்திசையில் ஓடுகிறது. தாளில் அறிவியலைப் போற்றுகிறவர் வகுப்பில் சோதனையைத் தவிர்க்கிறார். இந்த முரணுக்கு விளக்கம் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவிடம் கிடைத்தது. ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் கொண்டிருக்கும் நம்பிக்கையே, அவர் அதைத் தொடங்குவாரா, இடையில் விட்டுவிடுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது என்று 1977-இல் அவர் எழுதினார். தன்திறன் நம்பிக்கை என்று அதைச் சொல்லலாம்.

இந்தக் கருத்தை அறிவியல் ஆசிரியர்களுக்குப் பொருத்தியவர்கள் ஐரிஸ் ரிக்ஸும் லாரி ஈனாக்ஸும். 1990-இல் அவர்கள் பயிற்சி ஆசிரியர்களுக்கென்றே 23 கூற்றுகள் கொண்ட கருவியை வெளியிட்டார்கள். அது இரண்டைப் பிரித்து அளந்தது: அறிவியலை என்னால் நன்றாக நடத்த முடியும் என்ற நம்பிக்கை, நன்றாக நடத்தினால் பிள்ளைகள் கற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. பயிற்சி மாணவர் பலருக்கு இரண்டாவது இருக்கிறது, முதலாவது இருப்பதில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் பிள்ளைகள் அறிவியல் கற்பார்கள் என்று மனதார நம்புவார்கள். அந்த நல்ல ஆசிரியர் தாமாக இருப்போம் என்பதில்தான் சந்தேகம்.

2012, 2013-ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்தில் வான் ஆல்டரன்-ஸ்மீட்ஸும் வால்மா வான் டெர் மோலனும் இந்தச் சிந்தனையை இன்னும் விரித்தார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மனப்பான்மை மூன்று அடுக்கு கொண்டது என்பது அவர்கள் கூற்று. நம்பிக்கைகள் முதல் அடுக்கு: அறிவியல் கற்பிப்பது எவ்வளவு முக்கியம், எவ்வளவு கடினம், ஆணுக்கு அது எளிதா பெண்ணுக்கா என்பவை. உணர்வுகள் இரண்டாவது: மகிழ்ச்சியும் பதற்றமும். மூன்றாவது, கட்டுப்பாடு என் கையில் இருக்கிறதா என்ற எண்ணம்: என் திறன் எவ்வளவு, நேரமும் பொருளும் சூழலும் எந்த அளவுக்கு என்னைக் கட்டிப்போடுகின்றன. மகிழ்ச்சியும் பதற்றமும் ஒரே கோட்டின் இரு முனைகளாக வைக்கப்படவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. ஒருவருக்கு அறிவியல் மிகவும் பிடிக்கலாம்; வகுப்பில் நடத்த நினைத்தால் வயிற்றைக் கலக்கலாம். இரண்டும் ஒரே மனதில் இருக்கும்.

தயக்கம் எங்கே பிறக்கிறது

டான் லார்ட்டி 1975-இல் சொன்ன ஒரு கருத்து ஆசிரியர் கல்வியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றத் தொழில்களைப் போலன்றி, ஆசிரியராக வருகிறவர் பயிற்சிக் கல்லூரிக்குள் நுழையும் முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைக் கவனித்திருக்கிறார். கற்பிப்பது எப்படி இருக்கும் என்ற படம் அவர் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் படத்தை இரண்டாண்டுப் பயிற்சி எளிதில் அழிப்பதில்லை.

நம் பயிற்சி மாணவரின் மனதில் இருக்கும் படம் எத்தகையது? கரும்பலகையில் சோதனையின் படம், அதன் பாகங்கள், முடிவு, "காண்பது, அறிவது" என்ற இரு தலைப்புகள். பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. அந்த 25 பெரும்பாலும் முழுதாகக் கிடைத்துவிடும் என்பது ஊரறிந்தது. ரெக்கார்டு நோட்டில் முந்தைய ஆண்டு அக்காவின் நோட்டிலிருந்து அளவீடுகள் வந்து சேரும். எதிர்பார்த்த விடை வராத சோதனைக்கு அங்கே இடமில்லை. இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவருக்கு அறிவியல் என்பது சரியான விடைகளின் தொகுப்பு. தெரியாது என்று சொல்ல அதில் வழி கிடையாது.

இங்கிருந்துதான் பயம் கிளம்புகிறது. ஆசிரியர் என்றால் விடை தெரிந்தவர். தெரியாத கேள்வியை ஒரு பையன் கேட்டுவிட்டால் மானம் போய்விடும். ஸ்காட்லாந்தில் வின் ஹார்லனும் ஹால்ராய்டும் 1990-களில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை ஆராய்ந்தபோது, தன்னம்பிக்கை குறைந்தவர்கள் கையாளும் உத்திகளை வரிசையாகக் கண்டார்கள். அறிவியலை முடிந்த அளவு குறைவாக நடத்துவது. இயற்பியல் பகுதிகளை ஒதுக்கிவிட்டுச் செடி, விலங்கு என்று தெரிந்த பகுதியில் அதிக நேரம் செலவிடுவது. பாடநூலையும் பயிற்சித்தாளையும் இறுகப் பற்றிக்கொள்வது. விளக்கிச் சொல்லிவிட்டு, கேள்விக்கும் கலந்துரையாடலுக்கும் இடம் கொடுக்காமல் நகர்வது. தவறிப்போகக்கூடிய எந்தச் சோதனையையும் தொடாமலிருப்பது. கண்டங்கள் கடந்து எழுதப்பட்ட இந்தப் பட்டியலை நம் ஊர்ப் பள்ளி ஆய்வாளர் யாரிடம் காட்டினாலும் தலையசைப்பார். வெளியிலிருந்து பார்க்கச் சோம்பலாகவோ ஆர்வமின்மையாகவோ தெரிவது, பல நேரம் தற்காப்பு.

ஆனால் துணிவு மட்டும் இருந்தால் போதுமா என்ற கேள்வியும் உண்டு. 1987-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில், மாணவர், முன்னாள் மாணவர், பேராசிரியர் என 23 பேரிடம் கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்பது போன்ற எளிய கேள்விகள் கேட்கப்பட்டன. 21 பேர் தடுமாறினார்கள். பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் கோடை வருகிறது என்று சிலர் தயக்கமே இல்லாமல் விளக்கினார்கள். தவறான புரிதலோடு நிற்கும் உறுதி, தயக்கத்தைவிடக் கேடானது. தயங்குகிறவராவது புத்தகத்தைப் புரட்டுவார்.

இந்த நோக்கில் கல்வி ஆய்வாளர் கார்ல் வீட்லி 2002-இல் ஆசிரியரின் ஐயத்துக்கு ஆதரவாக எழுதினார். தன் திறன் மீது ஓரளவு ஐயம் கொண்ட ஆசிரியரே தேடுகிறார், பிறரிடம் கேட்கிறார், முறையை மாற்றிப் பார்க்கிறார் என்பது அவர் வாதம். மதிப்பெண் உயர உயர நல்லது என்று எண்ணும் வினாநிரல் ஆய்வுகளுக்கு இது சங்கடமான செய்தி. பயிற்சியின் இலக்கு ஐயத்தை ஒழிப்பதன்று. ஐயம் வந்தபோதும் வேலையை விடாமல் தொடரும் பழக்கத்தை உண்டாக்குவது.

விருப்பமும் நோக்கும்

கார்ட்னர் பிரித்துக் காட்டிய இரண்டாம் பகுதி, அதாவது ஆதாரம் கேட்கும் நோக்கு, இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்திலேயே ஏறியிருக்கிறது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது. ஆசிரியருக்கு இது இரட்டைக் கடமை.

கிரகணம் வரும்போது இது சோதனைக்கு உள்ளாகிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் என்று தமிழகத்தின் குறுக்கே வளைய சூரிய கிரகணம் கடந்துபோனது. அறிவியல் இயக்கத்தினர் சூரியக் கண்ணாடிகளோடு மைதானங்களில் மக்களைக் கூட்டினார்கள். மறுபுறம் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும், தர்ப்பை போட்டு மூடிய பாத்திரங்களும் இருந்தன. பூமி, நிலவு, சூரியன் மூன்றும் நேர்கோட்டில் வருவதைப் படம் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். கிரகணம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருப்பதும், கர்ப்பிணிப் பெண் வெளியே வரக்கூடாது என்று மாமியார் சொல்லும்போது அதற்கு ஆதாரம் என்ன என்று எண்ணிப் பார்ப்பதும் மனதின் வெவ்வேறு அறைகளில் நடக்கின்றன.

பயிற்சி மாணவரை இதற்காகக் கேலி செய்வது எளிது, அதனால் பயனில்லை. வீட்டையும் ஊரையும் எதிர்த்து நிற்கச் சொல்வது ஒரு பெண்ணிடம் கேட்கப்படும் பெரிய விலை. கிரகணத்தன்று சமைத்த சோற்றையும் மறுநாள் சமைத்த சோற்றையும் ஒரே அளவு நேரம் வைத்திருந்து ஒப்பிட்டுப் பார்ப்பது போன்ற சிறு சோதனைகளுக்கு வாய்ப்பளித்தால், வாதம் செய்யாமலே கேள்வி கேட்கும் பழக்கம் வரும். ஆனால் பயிற்சிக் கல்லூரிகளில் அறிவியல் மனப்பான்மை என்பது உளவியல் தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாக, அதன் பண்புகளை மனப்பாடம் செய்து எழுதும் விடையாக நின்றுபோயிருக்கிறது.

எது மாற்றுகிறது

மனப்பான்மை மாறுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை நம்பிக்கையளிப்பது. மாறும்; ஆனால் சொற்பொழிவால் மாறாது. தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் என்றார் பண்டூரா: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கம், செய்யும்போது உடலும் மனமும் அடையும் நிலை. முதலாவதே வலுவானது. ஆஸ்திரேலியாவில் டேவிட் பாமர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி மாணவர்களுக்கு வேறு சிலவும் உதவுவதைக் காட்டியது. ஒரு கருத்தை உண்மையிலேயே புரிந்துகொண்ட கணமும், அதை இப்படி நடத்தலாம் என்று வழி பிடிபட்ட கணமும், பேராசிரியர் தங்களையே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளாக வைத்து நடத்திக் காட்டிய வகுப்பும் அவர்களுக்குத் துணிவு தந்தன.

எளிய சோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தைத் தண்ணீர் நிரப்பியது என்று பலர் விளக்குவார்கள். பயிற்சி வகுப்பில் இதையே ஒரு மெழுகுவத்தி, இரண்டு, மூன்று என்று வைத்துச் செய்யச் சொன்னால் கதை மாறுகிறது. டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் அதேதான். தண்ணீரோ மெழுகுவத்தி கூடக்கூட மேலே ஏறுகிறது. சுடர் எரியும் வரை மெல்ல ஏறிய தண்ணீர், அணைந்ததும் விறுவிறுவென்று ஏறுவதையும் பார்க்கலாம். டம்ளரைக் கவிழ்க்கும்போதே சூட்டில் விரிந்திருந்த காற்று, சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே முக்கியக் காரணம். சுடர் அணையும்போது உள்ளே இருந்த ஆக்சிஜன் முழுதும் தீர்ந்துவிடுவதும் இல்லை.

இந்த ஒரு மணி நேரத்தில் பயிற்சி மாணவி பெறுவது சிறியதன்று. ஊரெல்லாம் சொல்லும் விளக்கத்தைத் தன் கையால் சோதித்து, அது போதாது என்று கண்டுபிடிக்கிறாள். பேராசிரியரும் உடன் நின்று யோசிக்கிறார். தவறான விடை அவமானமாக இல்லாமல் அடுத்த சோதனைக்கு வழியாகிறது. பாடப்பொருள், கற்பிக்கும் முறை, மனப்பான்மை என்று மூன்று தாள்களில் பிரித்துக் கற்பிக்கப்படுவது இங்கே ஒன்றாக நடக்கிறது. செலவு சில மெழுகுவத்திகள்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டிய இந்திய முயற்சி ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் அதைத் தொடங்கின. 1978-இல் மாவட்டம் முழுதுக்கும் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் அதை முன்னெடுத்தது. மனப்பாடத்துக்கான பாடநூலுக்குப் பதில் சோதனைகளை வழிநடத்தும் கையேடு, மலிவான பொருள்கள் அடங்கிய பெட்டி, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு என்று அத்திட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் தங்கி, பிள்ளைகள் செய்யப்போகும் அதே சோதனைகளைத் தாங்களே செய்தார்கள். பல்கலைக்கழக அறிவியலாளர்கள் அருகே உட்கார்ந்து பல கேள்விகளுக்கு எங்களுக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். மாதந்தோறும் கூடி, வகுப்பில் என்ன சரிவரவில்லை என்று பேசினார்கள். காலப்போக்கில் அந்த ஆசிரியர்களிலிருந்தே அடுத்தவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் உருவானார்கள்.

மாநில அரசு 2002-இல் அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பதாண்டு அனுபவம் காட்டியது இதுதான்: சிற்றூர் ஆசிரியரின் தயக்கம் பிறவிக் குணம் அன்று, தொடர்ந்த துணை இருந்தால் கரையும். அதே அளவுக்கு முக்கியமான மறுபாடமும் உண்டு. அரசின் கட்டமைப்பு தாங்காவிட்டால் ஆசிரியரின் மனமாற்றம் மட்டும் ஒரு முறையைக் காப்பாற்றாது.

தமிழ்நாட்டில் 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது வெளியிடும் துளிர் இதழும், குழந்தைகள் அறிவியல் மாநாடும் பள்ளி ஆசிரியர் பலருக்குப் பயிற்சிக் கல்லூரி தராத அனுபவத்தைத் தந்திருக்கின்றன. அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டு செல்கிறது. வெளியிலிருந்து வரும் கருத்தாளர் சோதனை செய்யும்போது வகுப்பாசிரியர் ஓரமாக நின்று பார்த்தால் ஒரு வகைப் பலன். அவரே செய்ய, கருத்தாளர் துணை நின்றால் இன்னொரு வகை. பண்டூராவின் கணக்குப்படி இரண்டாவதுதான் நிலைக்கும்.

பயிற்சிக் கல்லூரிக்குள் செய்ய வேண்டியவை

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக நீட்டித்து, பள்ளியில் 20 வாரங்கள் இருக்க வேண்டும் என்றன. நேரம் கிடைத்துவிட்டது. அந்த வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதே கேள்வி. பாடக்குறிப்பேட்டில் கையொப்பம் வாங்குவது, சார்ட் எழுதுவது, விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று பெரும்பகுதி போய்விடுகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொருவரும் சில சோதனைகளையாவது வகுப்பில் நடத்தி, எதிர்பாராமல் நடந்ததை எழுதி, அதைப் பற்றிக் கல்லூரியில் விவாதிக்க வேண்டும் என்று வைத்தால், கூடுதல் செலவே இல்லாமல் பயிற்சி உருமாறும். தோல்வியடைந்த சோதனையின் நேர்மையான குறிப்புக்கும் முழு மதிப்பெண் உண்டு என்பது விதியாக வேண்டும்.

தடைகளையும் மறைக்கக் கூடாது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150-இல் 30 மதிப்பெண் சூழ்நிலையியலுக்கு. அனைத்தும் கொள்குறி வினாக்கள். இரண்டாம் தாளில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்து 60. வேலைக்குத் திறவுகோல் அந்தத் தேர்வு என்னும்போது, மெழுகுவத்தியைவிட வினா வங்கி பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. பட்டயப் பயிற்சிக்குச் சேர்வோர் குறைந்து, தனியார் நிறுவனங்கள் பல மூடப்பட்டுவிட்டன. பணி நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவரிடம் அறிவியல் ஆர்வம் குறைந்துவிட்டதே என்று வருந்துவது நியாயமாகாது. டச்சு ஆய்வாளர்கள் சூழல் சார்ந்த கட்டுப்பாட்டையும் மனப்பான்மையின் பகுதியாகச் சேர்த்தது இந்த இடத்தில் பொருள்படுகிறது. ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் மனம் எவ்வளவு விரும்பினாலும் நேரம் இடம் தராது.

இனி இந்தத் தலைப்பை எடுக்கும் ஆய்வு மாணவருக்கு இத்தனை காலத்து ஆய்வுகள் தரும் வழிகாட்டல் இது. பிடிக்குமா என்று கேட்டு இன்னொரு சராசரி மதிப்பெண் எடுக்க வேண்டாம்; பிடிக்கும் என்றே வரும். பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும், வேலையில் சேர்ந்த முதலாண்டில் இன்னொரு முறையும் அதே ஆட்களிடம் கேட்கலாம். வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து, சோதனை நடந்ததா, யார் கையில் பொருள் இருந்தது, பிள்ளைகள் எத்தனை கேள்வி கேட்டார்கள், விடை தெரியாத கேள்விக்கு ஆசிரியர் என்ன செய்தார் என்று குறிக்கலாம். முப்பது பேரை இப்படிப் பின்தொடர்வது முந்நூறு வினாத்தாள்களைவிடக் கடினம். ஆனால் பயிற்சியில் எந்தப் பகுதி ஆசிரியரைத் துணியச் செய்கிறது, எது வெறும் ரெக்கார்டாகப் போகிறது என்று பாடத்திட்டக் குழுவுக்குச் சொல்லக்கூடிய ஆய்வு அதுவாகத்தான் இருக்கும்.